கடைமடைக்கு எப்போது வரும் கூகுள்?

தளி ரோட்டில் டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ‘உடுமலை தென்னை நாற்று’ என்று தட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் நாலைந்து நாற்றுப் பண்ணைகள் வந்தன. யூடியூப் வீடியோக்கள் வந்தன. நான் எந்தப் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தேனோ, அதன் இணையதளம் மட்டும் வரவில்லை. கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தும் இல்லை.

அதைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். “தம்பி, வெப்சைட் போட்டு ஒன்றரை வருசமாச்சு. அட்ரஸை முழுசா அடிச்சாத்தான் வருது. கூகுள்ல பண்ணைப் பேரைப் போட்டா முன்பக்கம் ஒண்ணு வருது, மத்ததெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல போங்க” என்று பண்ணைக்காரர் போனில் சொன்னார். நேரிலேயே வருகிறேன் என்றேன். இணையதளத்தைப் பார்க்க எதற்கு நேரில் போக வேண்டும் என்று கேட்கலாம். இந்த மாதிரி விஷயத்தில் பாதிச் சிக்கல் தளத்தில் இருக்காது. பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் இருக்கும்.

ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊரையே பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. தெற்கே திருமூர்த்தி மலை மேகத்துக்குள் இருந்தது. இந்தப் பக்கம் தென்னை நாற்றுக்குப் பேர்போனது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் விதை உற்பத்திப் பண்ணையே தளியில்தான் இருக்கிறது. அதையொட்டித் தனியார் பண்ணைகளும் நிறைய. நான் இறங்கிய இடத்திலிருந்து இட்டேரியில் கொஞ்ச தூரம் நடந்தால், வரிசை வரிசையாகப் பாலித்தீன் பைகளில் நாற்றுகள்.

“காத்துல பறந்தே வந்தாப்ல இருக்குது. மோர் குடிங்க தம்பி” என்றார் போனில் கூப்பிட்ட பெரியவர். அவர் மருமகள் மடிக்கணினியைக் கொண்டுவந்து கயிற்றுக் கட்டிலில் வைத்தார். தளத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நாற்று ரகங்களைப் பற்றி எழுதுவது, படம் எடுத்துப் போடுவது, வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புவது எல்லாம்.

“புத்தகம் விக்கிற உடுமலை டாட் காம் இருக்குதுங்கல்ல? எங்கெங்கயோ இருக்கிறவங்கெல்லாம் அதுல வாங்கறாங்க. அதே ஊருதானுங்களே நாமளும்? நம்மளை மட்டும் ஏன் கண்ணுக்குத் தெரியல?” பெரியவரின் கேள்வி நியாயமானது.

மருமகளுக்கு வேறொரு சந்தேகம். “பக்கத்தோட அட்ரஸைத் தமிழ்ல வச்சது தப்பாயிருச்சுங்களாண்ணா? வாட்ஸ்அப்புல அனுப்புனா ஒரே கிறுக்கலா நீளமா வருதுங்க.”

அவர் காட்டிய லிங்க்கை எண்ணிப் பார்த்தேன். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். நம் கண்ணுக்கு ‘உடுமலை’ நான்கே எழுத்து. துணையெழுத்துகளைத் தனியாக எண்ணினால் ஆறு குறி. லிங்க்கில் அது 54 எழுத்தாக நீண்டுவிடுகிறது. பார்க்கத்தான் பயமாக இருக்கும். கூகுள் அதைச் சரியாகவே படிக்கிறது. குற்றவாளி அது இல்லை.

மூன்றே மூன்று பக்கம்

முதல் சோதனைக்குக் காசும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். கூகுளின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்தோம். அந்தத் தளத்தில் கூகுளுக்குத் தெரிந்த பக்கங்கள் வரும். துல்லியமான கணக்கு இல்லையென்றாலும் நிலவரம் புரிந்துவிடும்.

மூன்று வந்தன. முன்பக்கம், தொடர்புக்கு என்ற பக்கம், மூன்றாவதாக ‘ஹலோ வேர்ல்டு’. வேர்ட்பிரஸ் போட்டவுடன் மாதிரிக்காகத் தானே முளைக்கும் பக்கம் அது. யாரும் அழிக்கவில்லை. தளத்தில் மொத்தம் 42 பக்கங்கள். நாற்றுப் பண்ணையின் 39 பக்கங்களைக் காணோம், ஒன்றுக்கும் உதவாத மாதிரிப் பக்கம் மட்டும் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தேடுபொறி நடப்பது இப்படித்தான். கூகுள்பாட் என்கிற நிரல் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு லிங்க் பிடித்துக்கொண்டு போகிறது. போன இடத்தில் படித்ததைக் கொண்டுவருகிறது. அதில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து ஒரு பெரிய பேரேட்டில் ஏற்றுகிறார்கள். அதுதான் இன்டெக்ஸ். நாம் தேடும்போது கூகுள் இணையத்தைத் தேடுவதில்லை, அந்தப் பேரேட்டைத்தான் புரட்டுகிறது. பேரேட்டில் பெயர் ஏறாவிட்டால் பத்தாவது இடமும் கிடையாது, நூறாவது இடமும் கிடையாது. ஏறிவிட்டால் முதலிடம் நிச்சயம் என்பதும் இல்லை. அது வேறு பஞ்சாயத்து.

“வாய்க்கால் தண்ணி மாதிரி சொல்றீங்க” என்றார் பெரியவர். அவருக்குப் பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டப் பாசனம். திருமூர்த்தி அணையிலிருந்து பிரதான வாய்க்கால், அதிலிருந்து கிளை, அதிலிருந்து மடை. ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நம் முறை வரும்போது மடை திறந்திருக்க வேண்டும், வாய்க்காலில் அடைப்பு இருக்கக் கூடாது. அதன் பிறகு எனக்கு உவமை தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை.

சாவி யாரிடம்?

கூகுள் நம் தளத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அதுவே சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. சர்ச் கன்சோல் என்று பெயர். 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்றார்கள். இலவசம். தளம் நமதுதான் என்று நிரூபித்தால் போதும்.

நான் எதிர்பார்த்தபடியே, அது தளம் செய்துகொடுத்தவரின் கணக்கில் இருந்தது. இப்படி ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அந்தப் பையன் போனை எடுத்தான். நல்ல பையன், மறைக்கவில்லை. “இதை யாரும் கேட்கலைங்க, அதான் கொடுக்கலை” என்றான். ஐந்தே நிமிடத்தில் மருமகளின் மின்னஞ்சலை முழு உரிமையாளராகச் சேர்த்துவிட்டான்.

பக்கங்களின் நிலவரத்தைச் சொல்லும் அறிக்கையைத் திறந்தோம். இன்டெக்ஸ் ஆனவை 3. ஆகாதவை 30. இரண்டையும் கூட்டினால் 33தான் வருகிறது. 42 பக்கத்தில் பாக்கி ஒன்பது எங்கே? அந்த ஒன்பதும் கூகுளின் காதுக்கே போகவில்லை. அறிக்கையில் நிராகரிக்கப்பட்டது தெரியும், கேள்வியே படாதது தெரியாது. பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

சாத்திய படல்

ஆகாத 30இல் 18, ரகங்களைப் பற்றிய பக்கங்கள். நெட்டை, குட்டை, இரண்டையும் சேர்த்த ஒட்டு ரகம் என்று மருமகள் பாடுபட்டு எழுதியவை. காரணம் என்று ஒரே வரிதான் போட்டிருந்தது: நோஇன்டெக்ஸ் குறி இருப்பதால் விலக்கப்பட்டது.

பக்கத்தின் மூல நிரலைத் திறந்து காட்டினேன். தலைப்பகுதியில் ஒரே ஒரு வரி. ‘இதைப் பேரேட்டில் ஏற்றாதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி. தளத்தைக் கட்டும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்று போடுவார்கள். கட்டி முடித்ததும் எடுக்க வேண்டும். இங்கே ‘பொருள்கள்’ என்ற வகைக்கு மட்டும் எடுக்க மறந்திருக்கிறார்கள். வேர்ட்பிரஸ் செருகுநிரல் ஒன்றில் ஒரே ஒரு டிக்.

“அப்ப அவங்க வந்தாங்க, படல் சாத்தியிருந்ததைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க, அவ்வளவுதானே?” என்றார் பெரியவர். அவ்வளவேதான். மருமகள் டிக்கை எடுத்துவிட்டார். ஒன்றரை வருடப் பூட்டு ஒரு நொடியில் திறந்தது.

இதற்கு அண்ணன் முறை ஒன்று உண்டு. ரோபாட்ஸ் கோப்பு. தளத்தின் வாசலிலேயே நின்று, எந்தப் பகுதிக்குள் வரலாம், எதற்குள் வரக் கூடாது என்று நிரல்களுக்குச் சொல்லும் சிறு கோப்பு. 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த வழக்கம். ஏறக்குறைய முப்பது வருடம் வாய்மொழி ஒப்பந்தம் மாதிரியே நடந்து, 2022இல்தான் முறையான இணையத் தரமாக எழுதப்பட்டது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கூகுளிலிருந்து எடுக்க வேண்டும் என்று நோஇன்டெக்ஸும் போட்டு, ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்துவிட்டால், நிரல் உள்ளேயே வராது. வராவிட்டால் நோஇன்டெக்ஸ் வரியைப் படிக்காது. பக்கத்தின் முகவரி தேடலில் தங்கிவிடவும் கூடும். இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும்.

தடமே இல்லாத காடு

அடுத்து, கேள்வியே படாத அந்த ஒன்பது. கட்டுரைகள். குழி எவ்வளவு ஆழம், மரத்துக்கு மரம் எத்தனை அடி, நல்ல நாற்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்றெல்லாம். தளத்திலேயே உருப்படியான எழுத்து இவற்றில்தான் இருந்தது. கட்டுரைப் பக்கத்துக்குப் போனால் படங்கள் மட்டும் தெரிந்தன. கீழே ‘மேலும் காண்க’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால்தான் கட்டுரைகளின் பெயர்களே வருகின்றன.

நாம் அமுக்குவோம். கூகுள்பாட் பொத்தானை அமுக்காது. லிங்க் இருந்தால் அதன் பின்னால் போகும், இல்லாவிட்டால் திரும்பிவிடும். வாட்ஸ்அப்பில் இந்தக் கட்டுரைகள் நூறு பேருக்குப் போயிருக்கலாம். அந்தத் தனி உரையாடல்கள் எதுவும் கூகுளுக்குத் தெரியாது.

தடம் இல்லாவிட்டாலும் கிராம வரைபடம் ஒன்றைக் கையில் கொடுக்கலாம். சைட்மேப் என்பது அதுதான். தளத்தின் எல்லா முகவரிகளையும் வரிசையாக எழுதிய கோப்பு. 2005இல் கூகுள் கொண்டுவந்தது. அடுத்த வருடமே யாகூவும் மைக்ரோசாஃப்டும் ஒப்புக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை கொடுக்கலாம். இவர்களுடைய சைட்மேப்பைத் திறந்தால், எல்லா முகவரிகளும் சோதனைக்காக முதலில் வைத்திருந்த பழைய தளத்தைக் காட்டின. வீடு மாறியும் ரேஷன் கார்டில் பழைய விலாசம். புதிதாக உருவாக்கிச் சர்ச் கன்சோலில் கொடுத்தோம். பொத்தானைத் தூக்கிவிட்டு, ஒன்பது கட்டுரைகளின் பெயரையும் முன்பக்கத்திலேயே லிங்க்காகப் போட்டோம். வரைபடத்தைவிடத் தடம் பெரிது. முன்பக்கத்திலிருந்து போகும் வழி இருந்தால்தான், அந்தப் பக்கத்தை வீட்டுக்காரரே மதிக்கிறார் என்று தெரியும்.

ஒன்பதில் ஒன்று தனிக் கதை. ஊரில் டி.டி.பி. கடையில் துண்டறிக்கைக்காக அடித்ததை அப்படியே ஒட்டியிருந்தார்கள். திரையில் அழகான தமிழ். நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினேன். ‘தென்னை’ என்று இருந்த இடத்தில் என், ஜே, டி, அரைப்புள்ளி, ஐ, டி என்று ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தன. பாமினி எழுத்துரு. கண்ணுக்குத்தான் அது தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். யாராவது அந்த ஆறு குறிகளையும் அதே வரிசையில் தேடினால் மட்டும் இந்தப் பக்கம் கிடைக்கும். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துருவில் இணையத்தில் ஏற்றிய தமிழ் பெரும்பாலும் இப்படித்தான் தேடலுக்குச் சிக்காமல் போனது. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றது 2010இல். டி.டி.பி. கடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினோம். படமாகப் போட்டிருந்த ரகப் பட்டியலையும் எழுத்தாக அடிக்கச் சொன்னேன்.

ஊர்ப்பெயர் மாற்றிய பன்னிரண்டு

மீதி 12 பக்கங்களுக்குக் கூகுள் சொன்ன காரணம் வேறு: படித்தோம், இப்போதைக்கு இன்டெக்ஸ் செய்யவில்லை. வந்தார்கள், உள்ளே பார்த்தார்கள், வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

திறந்து பார்த்தேன். ‘பொள்ளாச்சியில் சிறந்த தென்னை நாற்று’, ‘பழனியில் சிறந்த தென்னை நாற்று’, ‘தாராபுரத்தில்’, ‘மடத்துக்குளத்தில்’. உள்ளே ஒரே வாசகம். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் பன்னிரண்டு தடவை ஒட்டியிருந்தார்கள். இப்படிச் செய்தால் எல்லா ஊரிலும் மேலே வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“இது தப்புங்களா?” என்றார் மருமகள். “நீங்க கூகுளா இருந்தா இதை ஏத்துவீங்களா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அந்தப் பன்னிரண்டையும் அழித்துவிட்டு ஒரே பக்கம் எழுதச் சொன்னேன். எந்தெந்த ஊருக்கு நாற்று அனுப்புகிறீர்கள், செம்மண் காட்டுக்கு எது, கரிசலுக்கு எது, கேரள வாடல் நோய் பரவும் பகுதியில் வைக்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும். பெரியவருக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதினால் போதும்.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒன்று சொன்னேன். உடுமலை, உடுமலைப்பேட்டை, நடுவில் ஒற்றில்லாத உடுமலைபேட்டை, ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதம் என்று மக்கள் தேடுகிறார்கள். 2020 ஜூனில் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்ற மாநிலம் நம்முடையது. தேடுபொறி இந்த வேறுபாடுகளை ஓரளவு புரிந்துகொள்ளும். இருந்தாலும் முன்பக்கத்தில் உடுமலை, உடுமலைப்பேட்டை என்ற இரண்டு வழக்கும் இயல்பாக வந்தால் நல்லது. பெயருக்கொரு பக்கம் வேண்டியதில்லை.

மாற்றியது எப்போது தெரியும்?

பெரியவரின் உண்மையான கோபம் வேறு இடத்தில் இருந்தது. நாற்று விலையை மாற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கூகுளில் இன்னும் பழைய விலைதான் தெரிகிறது. வருகிறவர்கள் போனைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள்.

சர்ச் கன்சோலின் மேல் பெட்டியில் முன்பக்க முகவரியைப் போட்டுப் பார்த்தோம். கூகுள்பாட் கடைசியாக வந்த தேதி அதில் இருக்கும். விலை மாற்றியதற்குப் பத்து நாள் முந்தைய தேதி. அதற்குப் பிறகு வரவேயில்லை. மாதக் கணக்கில் எதுவும் மாறாத தளத்துக்கு அது ஏன் தினமும் வரப்போகிறது? செய்தித்தாள் தளம் என்றால் நிமிடத்துக்கு நிமிடம் வரும். நம்முடையது கடைமடை.

அதோடு, சைட்மேப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கடைசியாக மாற்றிய தேதி என்று ஓர் இடம் உண்டு. இவர்களுடைய செருகுநிரல் தினமும் எல்லாப் பக்கத்துக்கும் அன்றைய தேதியையே போட்டுக்கொண்டிருந்தது. புலி வருது, புலி வருது கதைதான். தேதி உண்மையாக இருக்கும்வரைதான் கூகுள் அதை நம்பும். எது மாறியதோ அதற்கு மட்டும் தேதி மாறும்படி திருத்தினோம்.

பிறகு ‘இன்டெக்ஸ் செய்யக் கோருக’ என்ற பொத்தான். முன்பக்கத்துக்கும் முக்கியமான சில பக்கங்களுக்கும் அமுக்கினோம். ஒரு நாளைக்குச் சில முகவரிகளுக்குத்தான் அனுமதி. மருமகள் மறுபடி அமுக்கப் போனார், தடுத்தேன். ஒரே பக்கத்துக்குப் பத்து முறை அமுக்கினாலும் வரிசையில் முன்னே போக முடியாது. கூகுளே சொல்வது சில நாளிலிருந்து சில வாரம்.

சைட்மேப் மாறியதைத் தட்டிச் சொல்லும் பழைய ‘பிங்’ வழியைக் கூகுள் 2023இல் மூடிவிட்டது. இன்டெக்சிங் ஏ.பி.ஐ. வழியாகச் சீக்கிரம் ஏற்றித் தருகிறோம் என்று சிலர் விற்கிறார்கள். கூகுள் அதை வைத்திருப்பது வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலை ஒளிபரப்புகளுக்கும்தான், தென்னை நாற்றுக்கு இல்லை. பிங், யாண்டெக்ஸ் போன்ற வேறு தேடுபொறிகளுக்கு 2021இல் வந்த இன்டெக்ஸ்நவ் இருக்கிறது. ஒரு செருகுநிரலை இயக்கினால் பக்கம் மாறிய உடனே அவற்றுக்குத் தகவல் போய்விடும். அதையும் போட்டுவிட்டோம். கூகுள் அதில் சேரவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவருக்கு ஒரு போன். ஆயிரம் தேடுபொறியில் உங்கள் தளத்தை ஏற்றித் தருகிறோம், ஆறாயிரம் ரூபாய் என்றது ஒரு குரல். வாரத்துக்கு இரண்டு முறை இப்படி வருமாம். “ஆயிரம் தேடுபொறில நம்ம ஊர்க்காரன் எதுல தேடறானுங்க?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு

பொழுதோடு பஸ் ஏறினேன். ஐந்தாம் நாள் மருமகள் போன் செய்தார். புது விலை வந்துவிட்டது. இரண்டாவது வாரத்தில் ரகப் பக்கங்கள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன. ஒரு மாதம் கழித்து 18இல் 15. ஒன்பது கட்டுரைகளில் ஏழு. பாமினியிலிருந்து மாற்றியதும் அந்த ஏழில் ஒன்று. மீதிப் பக்கங்கள் இரண்டே வரியில் முடிந்தவை. அவற்றில் எழுத இன்னும் விஷயம் இருக்கிறது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயைப் பற்றிப் பெரியவர் சொல்லி எழுதிய புதுப் பக்கத்தைத்தான் இப்போது அதிகம் பேர் தேடி வந்து படிக்கிறார்களாம். நாற்று விற்கும் பக்கம் அதற்கு அடுத்தபடிதான்.

சொந்தமாகத் தளம் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன், சர்ச் கன்சோல் உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் தளம் செய்துகொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள். காட்டுக்குப் பட்டாவை அடுத்தவர் பெயரில் யாரும் விட்டுவைப்பதில்லை.